உண்மையை வளைக்கும் ஆங்கிலச் சொற்கள்

பொய் என்று நேரடியாகச் சுட்டாமல், உண்மையிலிருந்து விலகும் முறையைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பல உள்ளன. அவற்றுள் வரலாறு செறிந்தது 'பிரிவாரிகேட்' என்னும் வினை. கோணலாக நடத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், உழவன் ஏரை நேராகச் செலுத்தாமல் படைச்சாலைக் கோணலாக்குவதையும் குறித்தது என்பதும், அவ்வழக்கே நீதிமன்றத்துக்குப் பெயர்ந்தது என்பதும் உரோம அறிஞர் பிளினி தரும் விளக்கமாகும். உரோமச் சட்டத்தில் இது, குற்றம் சாட்டியவரே எதிரியோடு மறைவில் கூடிக்கொண்டு வழக்கைத் தோற்கச் செய்யும் குற்றத்தின் பெயராயிற்று. இன்றைய ஆங்கிலத்திலோ கேள்விக்கு நேர்விடை தராமல் மழுப்புதல் என்ற அளவில் அதன் கடுமை தணிந்துவிட்டது; நம்பியவரைக் காட்டிக்கொடுத்தல் என்னும் கருத்து அதனோடு மறைந்துபோனது வருந்தத்தக்கதே.

இருபொருள்படப் பேசிக் கேட்பவரை மயக்குதலைக் குறிக்கும் 'ஈக்விவகேட்', 1606-இல், இங்கிலாந்து மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி தொடர்பாக ஏசு சபைக் குரு ஹென்றி கார்னெட் இலண்டனில் விசாரிக்கப்பட்டபோது பெரிதும் பேசப்பட்டது.

உண்மையைச் சிக்கனமாகக் கையாளுதல் என்னும் தொடரின் கருத்தை அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். எனினும், 1986-இல் உளவுத்துறை முன்னாள் அதிகாரி ஒருவரின் நூலைத் தடுக்கத் தொடரப்பட்ட வழக்கில், சிட்னி நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்த பிரித்தானிய அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஒரு கடிதம் தவறான எண்ணத்தைத் தந்ததேயன்றிப் பொய்யன்று என்று பிரித்துக்காட்ட அதை ஆண்ட பின்னரே அத்தொடர் பொதுவழக்காயிற்று.