சுனையும் சுனைமேடும்

தமிழில் நீர்நிலைப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தாங்கல், ஏந்தல், கேணி, கூவல், பொய்கை, இலஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பெரும்பாலானவை சமவெளிக்காரர் சொற்கள். கரை போட்டோ மண்ணைத் தோண்டியோ மனிதர் உண்டாக்கியவற்றின் பெயர்கள். மலைக்கென்று, தானாகக் கசிந்து தங்கும் நீருக்கென்று தமிழ் வைத்திருக்கும் சொல் சுனை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டு நீரைப் பற்றிப் பேச வந்தால் அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும். மலையில் நீர் வற்றுகிறது என்றால் முதலில் வற்றுவது சுனைதான்.

எழுத்துக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். றன்னகரச் சுனை வேறு, டண்ணகரச் சுணை வேறு. கரும்புத் தோகை கையில் உரசினால் அரிக்கிறதே, அந்த நுண்முள் சுணை. 'சுணை கெட்டவன்' என்று திட்டும்போது வருவதும் அதுவே. தொட்டால் உறைக்கும் தன்மையைக் குறித்த சொல் மான உணர்ச்சிக்கும் பெயராயிற்று. பேச்சில் ன, ண வேறுபாடு மங்கிப்போனதால் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். நம் கட்டுரைக்கு வேண்டியது முதலாவது.

சுனைக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் ஊற்று. அதன் பிறப்பு வெளிப்படை. பாடு என்பது பாட்டு ஆனதுபோல ஊறு என்பது ஊற்று ஆனது. பேச்சில் ஊத்து. ஊத்துக்குளி, ஊத்தங்கரை, ஊத்துக்கோட்டை என்று எத்தனை ஊர்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன! மாஞ்சோலைக்கு மேலே, மழை கொட்டும் மலைச்சரிவில், ஊத்து என்றே ஓர் இடம் இருக்கிறது. சுனைக்கு இப்படி ஒரு வினை நம் வழக்கில் இல்லை. சுனைந்தது, சுனைகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஊற்று என்பது நடப்பதைச் சொல்கிறது; சுனை என்பது நீர் வந்து தங்கிய இடத்தைச் சொல்கிறது. சின்ன வேறுபாடுதான். ஆனால் இன்று மலைகளில் நடக்கும் நீர் மீட்பு வேலைகளில் பாதி வீணாவதற்குக் காரணம் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் இடத்தைப் பார்க்கிறோம், நடப்பதைப் பார்ப்பதில்லை.

பழைய உரைகாரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள். தொல்காப்பிய அகத்திணையியலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், ஒவ்வொரு திணைக்கும் உரிய நீரைச் சொல்லிக்கொண்டே போகிறார். முல்லைக்குக் காட்டாறு, மருதத்துக்கு ஆறும் மனைக்கிணறும் பொய்கையும். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும். இது எதிர்பார்த்ததுதான். பாலைக்கு வரும்போது நீர் அற்றுப்போன கூவலையும் சுனையையும் வைக்கிறார். ஒரே சொல் குறிஞ்சியின் வளத்துக்கும் அடையாளம், பாலையின் வறட்சிக்கும் அடையாளம். பாலை என்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் வருகிறது. ஆகவே ஒரு மலை எந்தத் திணையில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், சித்திரை வைகாசியில் அதன் சுனையைப் போய்ப் பார்த்தால் போதும். அந்த உரைப் பட்டியலை நான் வெறும் இலக்கண மரபாகப் படிக்கவில்லை. நிலத்தை நன்றாகக் கவனித்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்பாகவே படிக்கிறேன்.

சுனை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பாறைச் சுனை. வழவழப்பான பாறையின் குழிவில் மழைநீர் தேங்கி நிற்பது. புதுக்கோட்டை சித்தன்னவாசல் மலையில் இருக்கும் நவாச்சுனை அப்படிப்பட்டது. பக்கத்தில் நின்ற நாவல் மரத்தால் பெயர் பெற்றது; நீரை இறைத்தால்தான் உள்ளே இருக்கும் சிறு குடைவரையும் லிங்கமும் தெரியும். சமண முனிவர்கள் படுக்கை வெட்டிய குன்றுகளில் பெரும்பாலும் அருகே ஒரு சுனை இருக்கும். நீர் இல்லாத இடத்தில் தவம் ஏது? மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் 200 சுனைகள் உள்ளன என்பது, 2022 நவம்பரில் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அரசே சொன்ன கணக்கு. அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் வெட்ட ஏலம் விட்டபோது ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இரண்டாவது வகை கசிவுச் சுனை. கொல்லிமலையில் பார்க்க வேண்டியது இதைத்தான். சரிவு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் கருமண் ஈரமாக இருக்கும். நாலு கல்லை அடுக்கி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மேல்பக்கத்துக் கல்லிடுக்கில் விரலை வைத்தால் நீர் மெல்லத் தள்ளுவது தெரியும். கீழ்ப்பக்கத்தில் குடம் வைக்க வசதியாக ஒரு மூங்கில் தப்பையோ துண்டுக் குழாயோ செருகியிருப்பார்கள். சுற்றிலும் பெரணியும் காட்டுச் சேம்பும். சேற்றில் நண்டு வளை இருந்தால் அந்த ஈரம் கோடையிலும் நிற்கிறது என்று நம்பலாம்.

பாறைச் சுனை தூர்ந்தால் தூர் வாரலாம், வேலை முடிந்தது. கசிவுச் சுனை வற்றினால் குழியில் கை வைத்துப் பயனில்லை. அதன் நோய் குழியில் இல்லை, மேட்டில் இருக்கிறது.

கொல்லிமலையில் 14 நாடுகள். ஆலத்தூர் நாடு அவற்றில் ஒன்று, இன்று தனி ஊராட்சி. நாடு என்ற சொல்லே இங்கே ஒரு பழம்பொருள்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வேளாண் பகுதி; எ.சுப்பராயலு போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக நிறுவியிருக்கிறார்கள். சமவெளியில் அந்தப் பொருள் பெரும்பாலும் போய்விட்டது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் அதை மலைமேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இந்த நாடுகள் விரிந்து கிடக்கின்றன.

மலையின் உடம்பு சார்னோகைட் என்னும் கடும் பாறை. அதற்குள் நீர் எளிதில் இறங்காது. ஆனால் உச்சிகளில் அந்தப் பாறை காலங்காலமாக உளுத்து, பாக்சைட்டும் செம்மண்ணும் சரளையுமாகப் படிந்திருக்கிறது. நனைத்த கோணிச்சாக்கைப்போல அது மழையை வாங்கி வைத்து மெதுவாக விடுகிறது. அடியில் கடும் பாறை தடுப்பதால் நீர் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தின் தலையில் சுனையாக வெளிவருகிறது. அதன் கீழே வயல். நெல் விளையும் நன்செய். நடுச்சரிவில் ஏர் ஓட்டும் உழவுக்காடு. செங்குத்தான மேட்டில் ஏர் ஓடாது, கொத்திதான் விதைக்க வேண்டும்; அது கொத்துக்காடு. மேட்டில் சாமை, நடுவே கேழ்வரகு, பள்ளத்தில் நெல் என்ற அடுக்கு சுனையை மையமாக வைத்து அமைந்த அடுக்கு. சுனைக்கு மேலே என்ன செய்கிறோமோ, அதற்கான பலன் சுனைக்குக் கீழே வந்து சேரும்.

அந்த அடுக்கு பல பக்கமும் இடிந்தது. உச்சியில் பாக்சைட் வெட்டினார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நடந்த அந்தச் சுரங்கம் 2008-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மழையை வாங்கி வைக்கும் படிவத்தையே வெட்டி எடுத்த இடத்தில் பழைய சுனையை எதிர்பார்ப்பது வீண். நடுச்சரிவிலும் கொத்துக்காட்டிலும் சாமை போய் மரவள்ளி வந்தது. சேலத்துச் சேகோ ஆலைகள் வாங்குகின்றன, கையில் காசு வருகிறது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகு சந்தையும் உறுதியாயிற்று. பயிரிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து மாதப் பயிர், பிடுங்கும்போது மண்ணையும் சேர்த்துக் கிளறுகிறது, முதல் மழையில் சரிவு வெறுமையாக நிற்கிறது என்பதெல்லாம் உண்மை. அன்று சாமைக்கு விலையும் இல்லை, குற்றித்தர அரவை இயந்திரமும் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்ததும், அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்ததும் உணவுக்காக மட்டுமே நடந்த வேலை என்று நான் எண்ணவில்லை. சாமைக்காடு திரும்பினால் மழை மண்ணுக்குள் இறங்கும் நேரமும் திரும்பும். மிளகுக் கொடி ஏற்ற வைத்த சில்வர் ஓக் இன்னொரு கதை. அதன் சருகு எளிதில் மக்குவதில்லை. பலாவும் நாவலும் அத்தியும் தந்த மட்கு அதில் கிடைக்காது.

சுனை மெலிந்ததும் வந்தது போர். ஆழ்துளைக் கிணறு என்று அரசு எழுதும், ஊரில் எல்லாருக்கும் போர்தான். நாடெங்கும் போர் போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு இதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கடும் பாறையில் நீர் பிளவுகளில்தான் இருக்கும். போர் ஒரு பிளவைத் தொட்டால், சுனைக்குப் போய்க்கொண்டிருந்த நீரே குழாய்க்குள் வருகிறது. புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஒருவர் தோட்டத்துக்குப் போனது ஊர்க் குடத்துக்கு வரவேண்டியது.

இதன் விளைவு மலையோடு நிற்பதில்லை. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கி, திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. கரைபோட்டான் ஆறும் இந்த மலையில் பிறந்து காவிரிக்கே போகிறது. தம்மம்பட்டிப் பக்கம் ஓடும் சுவேதா நதி வெள்ளாற்றுக்குப் போகிறது. மழை இல்லாத மாதங்களில் இந்த ஆறுகளில் ஓடுவதெல்லாம் சுனைகள் சேர்த்துக் கொடுத்த நீர்.

நீரை மீட்க அரசு பணம் ஒதுக்குவதில்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்து மறுபடி தொடங்கியது. ஆனால் அது ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பிறந்த திட்டம். ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு, மடை உண்டு, மடை திறக்க ஆள் உண்டு. சுனைக்கு இவை எதுவும் இல்லை. சமவெளிப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவந்து, சுனைக்குழியைக் கடப்பாரை போட்டு ஆழப்படுத்துவதும் சிமென்ட் தொட்டி கட்டுவதும்தான் சீரமைப்பு என்று ஆகிவிட்டது. கசியும் வாயைச் சிமென்டால் பூசினால் நீர் வேறு வழி தேடிப் போய்விடும். ஆழமாகத் தோண்டினால் நீரைத் தாங்கி நிற்கும் களிமண் உடையும். சருகைக் கையால் அள்ளிப் போட்டு, கல்லைத் திரும்ப அடுக்கி, மாடு மிதிக்காமல் வேலி கட்டினால் போதும். குழியில் செய்ய வேண்டியது அவ்வளவே.

மேட்டு வேலையைச் செய்து காட்டிய மாநிலம் சிக்கிம். அங்கே ஊற்றுக்குத் தாரா என்று பெயர். 2008-இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டத்தில், ஊற்றை விட்டுவிட்டு அதற்கு நீர் தரும் சரிவைத் தேடிப்போனார்கள். பாறையின் சாய்வையும் பிளவையும் படித்து இடம் குறித்தார்கள். 100 நாள் வேலைத் திட்டத்துப் பணத்தில், ஊர்க்காரர்களே சம உயரத்தில் வரிசை வரிசையாகக் குழி வெட்டினார்கள். ஓடி வழிந்த மழை நின்று இறங்கியது. வறண்ட மாதங்களில் ஊற்றுகள் கூடுதலாகச் சுரந்தன. இமயமலைப் பகுதியில் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிவருகின்றன என்று 2018-இல் நிதி ஆயோக் அறிக்கை எச்சரித்தபோது, முன்மாதிரியாகக் காட்ட ஒரு வேலை கையில் இருந்தது.

கொல்லிமலைக்கும் இது பொருந்தும். மூன்று கழி, ஒரு கயிறு, ஒரு கல் இருந்தால் சம உயரம் பார்க்கும் ஏ வடிவச் சட்டம் தயார். சுனையின் உடல்நிலையைப் பார்க்கக் குடமும் கடிகாரமும் போதும். 15 லிட்டர் குடம் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் அந்தச் சுனை நாளொன்றுக்கு 21,600 லிட்டர் தருகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு வைத்த 55 லிட்டர் கணக்கில் 390 பேருக்குப் போதும். அதே குடம் நிறைய ஐந்து நிமிடம் ஆனால் 4,320 லிட்டர். 78 பேருக்குத்தான் வரும். மாதம் ஒருமுறை இதை ஒரு நோட்டில் பள்ளிப் பிள்ளைகளே குறித்து வைக்கலாம். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், போர் போட்ட பிறகு என்ன ஆயிற்று, குழி வெட்டிய பிறகு என்ன ஆயிற்று என்ற வாக்குவாதங்கள் பாதி தீர்ந்துவிடும்.

இங்கேதான் சொல் குறைகிறது. சுனை என்பது இடத்தின் பெயர் என்று பார்த்தோம். அதற்கு நீர் தரும் சரிவுக்குத் தமிழில் வழக்கமான பெயர் இல்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது அணைக்கும் ஆற்றுக்கும் பொருந்தும் சொல். அதைக் கேட்டால் யாருக்கும் தம் கொத்துக்காடு நினைவுக்கு வராது. பெயர் இல்லாததற்கு எல்லை குறிக்க முடியாது, எல்லை இல்லாததற்குக் காவல் போட முடியாது. அதைச் சுனைமேடு என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. சொன்னவுடன் மலைக்காரருக்குப் புரியும், ஆவணத்திலும் எழுதலாம். கோயில் காடுகளைப் பெயரிட்டு, கோடரி போகாமல் காத்த மக்களுக்குச் சுனைமேட்டைக் காப்பது புதிய பழக்கமாக இருக்காது.

ஒரு சிக்கல் உண்டு. பாறைப் பிளவு ஊராட்சி எல்லையைப் பார்ப்பதில்லை. ஒரு நாட்டின் சுனைக்கு மேடு அடுத்த நாட்டில் இருக்கலாம். அங்கே ஒருவர் மரவள்ளியை விட்டுச் சாமைக்கும் பலாவுக்கும் திரும்பினால் பலன் இவர்களுக்கு, இழப்பு அவருக்கு. அந்த இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு நீரைக் குடிப்பவர்களுக்கும், கீழே ஆற்றுநீரில் பயிர் செய்பவர்களுக்கும், அரசுக்கும் இருக்கிறது. நாடுகள் கூடிப் பேசும் மரபு உள்ள மலையில் இதைப் பேசித் தீர்ப்பது முடியாத காரியமல்ல.

ஆலத்தூர் நாட்டாரிடமும் மற்ற 13 நாட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. வரும் கூட்டத்தில் புதிய தொட்டிக்கும் புதிய போருக்கும் மனு எழுதுவதற்கு முன், ஊரில் உள்ள ஒவ்வொரு சுனையின் பெயரையும், கோடையில் அதில் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும், அதன் சுனைமேடு எந்தெந்தச் சர்வே எண்களில் இருக்கிறது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சுனைமேடு பக்கத்து நாட்டில் இருந்தால், தீர்மானத்தின் நகலை அந்த நாட்டுக் கிராம சபைக்கும் அனுப்புங்கள்.