ஒரு வரிக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள்

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், லினக்ஸில ஒரு வரி டைப் பண்ணினாப் போதும், மென்பொருள் தானா வந்துடுது. அத யாரு அனுப்புறாங்க?"

பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கலாம், கணினி அறிவு தேவையில்லை.

எந்த மென்பொருளும் தனியாக இயங்காது. அதற்கு வேறு சில சிறு மென்பொருள்கள் தேவை. அவற்றுக்கு இன்னும் சில தேவை. ஒரு காலத்தில் லினக்ஸ் பாவித்தவர்கள் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பொருத்தினார்கள். ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

1993 ஓகஸ்ட் 16ஆம் திகதி, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டொக் 'டெபியன்' திட்டத்தை அறிவித்தார். அதில் தொண்டர்கள் ஆளுக்குச் சில மென்பொருள்களைப் பொறுப்பெடுத்து, பொதிகளாகக் கட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பொதியிலும் "இதற்கு இன்னின்னவை தேவை" என்ற பட்டியல் இருக்கும். 1999இல் வெளியான டெபியன் 2.1 உடன் 'அப்ட்' என்ற கருவி வந்தது. பட்டியலை அதுவே வாசித்து, தேவையான அனைத்தையும் கொண்டுவந்து பொருத்தியது. இப்படியான கருவியைத்தான் பக்கேஜ் மனேஜர் என்கிறோம். டெபியனின் பொதி மற்ற லினக்ஸ் வகைகளுக்குப் பொருந்தாத குறையைத் தீர்க்க, பின்னர் எல்லா வகைகளுக்கும் பொதுவாக ஸ்னாப், ஃபிளாட்பக் போன்றவையும் வந்தன.

வேலை இலகுவானது. ஆனால் நம் கணினிக்குள் யாருடைய கைவேலை வருகிறது என்று பார்க்கும் பழக்கமும் குறைந்தது.

2016 மார்ச் 22. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை வைத்திருக்கும் என்பிஎம் களஞ்சியத்தில், பெயர் தொடர்பான ஒரு பிணக்கால் மனம் நொந்த ஒருவர் தன் பொதிகளை எல்லாம் நீக்கினார். அதில் ஒன்று 'லெஃப்ட்பாட்'. வெறும் 11 வரிகள். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதில் தங்கியிருந்த ஏராளமான திட்டங்கள் உலகெங்கும் தடைப்பட்டன. சுமார் இரண்டு மணி நேரத்தில் அதை மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று.

2024இல் நடந்தது இதைவிடப் பாரதூரமானது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற கருவியை ஒருவர் சம்பளமின்றிப் பல வருடங்கள் பராமரித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பு கைக்கு வந்ததும், சேவர்களுக்குள் நுழைய ஒரு கள்ளக் கதவை வைத்தார். அது டெபியனின் பரீட்சார்த்தப் பதிப்பு வரை வந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் அன்ட்ரஸ் ஃபிரொயிண்ட் என்ற பொறியியலாளர். தன் கணினியில் லொக்இன் ஆவதற்கு வழமையைவிட அரை செக்கன் கூட எடுப்பதைக் கண்டார். "பரவாயில்லை" என்று விடாமல் தோண்டிப் பார்த்தார். மார்ச் 29ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான சேவர்களுக்குப் போய்ச் சேருமுன் அது தடுக்கப்பட்டது.

ஆகவே மகனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அனுப்புபவர்களில் பலர் நாம் பெயர்கூட அறியாத மனிதர்கள். நாம் இலவசமாக எடுப்பது அவர்களின் உழைப்பு. அவர்கள் கையில் இருப்பது நம் அமானிதம். அவர்களைத் தனியே களைக்க விட்டால், உதவி என்ற பெயரில் யாரும் உள்ளே வரலாம்.

நாளை நீயும் ஒரு சிறு பொதிக்குப் பொறுப்பாகலாம். அப்போது அந்த அரை செக்கனை மறந்துவிடாதே.