ஒரு வளவு, பல அடுப்பு: நாட்டுக்கோட்டை நகரத்தாரின் குடும்ப நிதியும் ஆச்சிமார் பணமும்

கூட்டுக்குடும்பம் என்றவுடன் ஓர் அடுப்பும் ஒரு பணப்பெட்டியும் நினைவுக்கு வருவது இயல்பு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் குடும்ப முறைமை இந்தப் பொதுக்கருத்துக்கு அடங்குவதாக இல்லை. மகனுக்குத் திருமணமானதும் பெற்றோர் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பர்’. இது சொத்துப் பிரிவினை ஆகாது. புதுத் தம்பதியர் அதே வளவில்தான் வாழ்வர்; எனினும் அவர்களுக்கெனத் தனி அறையும் தனிச் சமையலும் உண்டு. ஆண்டுச் செலவுக்கான நெல்லும் பணமும் அளவிட்டுத் தரப்படும். அந்த அளவுக்குள் குடும்பம் நடத்துவது அவர்கள் பொறுப்பு.

வேறு வைக்கப்பட்ட தம்பதியர் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டனர். ஒன்பது நகரக் கோயில்களுள் அவரவர்க்குரிய கோயிலின் வரியும் புள்ளிக் கணக்கிலேயே அமைந்தது. கணவனை இழந்த பெண் அரைப்புள்ளி. சமூகக் கணக்கேட்டில் ஒரு பெண்ணின் இடம் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதை இந்த அரை என்னும் எண்ணே காட்டிவிடுகிறது.

இம்முறையைச் சிக்கனத்தின் அடையாளமாகப் போற்றி நிறுத்திக்கொள்ளும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. அது பாதி உண்மையே. அன்றாடச் செலவு புள்ளிதோறும் பிரிந்திருந்தது. முதலீட்டு முடிவோ தொழில் நடத்திய ஆண்களிடமே இருந்தது. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் ‘கொண்டுவிற்க’ச் சென்றனர். முகவரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுகள். பெண்டிர் பொதுவாகச் செட்டிநாட்டிலேயே தங்கினர். எனவே அடுப்புக் கணக்கை ஆச்சியும் ஐந்தொகையைக் கடையும் எழுதின.

இவ்விரு கணக்குகளும் சந்தித்த இடம் ‘ஆச்சிமார் பணம்’. திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் அளித்த பணம் கடையில் அவள் பெயரில் வைப்பாக ஏற்றப்பட்டு வட்டி கட்டப்பட்டது. சாத்திரப்படியும் நீதிமன்ற வழக்கப்படியும் இது சீதனம். கணவன் வீட்டாரின் கூட்டுச் சொத்தில் சேராது. பேரேட்டின்படி அவள் அக்கடைக்குக் கடன் கொடுத்தவள். ஆயினும் அப்பணம் எந்த ஊர்க் கடைக்குச் செல்கிறது, எந்த ஈட்டின்மேல் கொடுக்கப்படுகிறது என்பனவற்றைத் தீர்மானிப்பவள் அவளல்லள். உரிமை அவளுடையது, முடிவு பிறருடையது. இந்த இடைவெளி நல்ல காலத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

1930இல் பர்மிய மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கிருந்த செட்டியார் கடைகளை ஏறத்தாழ 1,650 எனவும், அவற்றின் நடைமுறை முதலை 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது. அதன் பெரும்பகுதி நெல் விளையும் கீழ்ப் பர்மாவின் நிலங்களை நம்பியிருந்தது. பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலங்களே கைக்கு வந்தன. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1930களின் இறுதியில் 25 விழுக்காடாயிற்று. பணமாகத் திரும்பவேண்டிய வைப்புகள் விற்க இயலாத வயல்களாக உறைந்தன. 1942இல் சப்பானியர் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின் அவ்வயல்களும் கைவிட்டுப் போயின. கடையின் முதலிலிருந்து ஆச்சிமார் பணத்தைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு இல்லாத நிலையில், அதுவும் இவ்விழப்பில் பங்குகொண்டது என்று கருதுவதே பொருத்தம்.

சட்டமும் பெரிதாக உதவவில்லை. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் வரம்புக்குட்பட்ட உரிமை தந்தது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஏப்ரல் மாதத்தின் முதல் நாளிலேயே பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. செல்வம் கிடந்த மண்ணில் அச்சட்டம் செல்லாததாயிற்று. மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கும் அது பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது.

நகரத்தார் வணிக வரலாறு இதுவரை பெரிதும் கடையின் ஏடுகளைக்கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஆச்சிமார் எழுதிய வீட்டுக் கணக்குகளையும், திருமணத்தில் எழுதப்படும் இசைகுடிமானத்தையும், சீர்ச் சாமான் பட்டியல்களையும் கடைப் பேரேட்டோடு ஒப்பிட்டால்தான், 1930க்குப் பின் எந்தப் பெண்ணின் வைப்பு எந்த ஆண்டுவரை வட்டி பெற்றது, எந்த ஆண்டில் அவ்வரி நின்றுபோயிற்று என்பன தெரியவரும்.