கிஃப்ட் பேப்பர், ரிப்பன் வாங்கப் போறீங்களா? பாலக்காடு, இடுக்கி எல்லையில் இருப்பவர்கள் இதையெல்லாம் கவனிங்க

பெங்களூருவிலோ கொச்சியிலோ வேலை பார்க்கும் நீங்கள், ஒரு கல்யாணத்துக்காக கொழிஞ்சாம்பாறைக்கோ மூணாறுக்கோ போகிறீர்கள். பரிசு ரெடி. வழியில் ஏதோ ஒரு கடையில் வெள்ளி நிறத்தில் மின்னும் ஒரு தாள், ஒட்டுகிற பூ ரிப்பன், செலோ டேப். பெரும்பாலும் இப்படித்தானே முடிகிறது? இன்னும் இரண்டு நிமிடம் அந்தக் கடையில் நின்றால், இதைவிட அழகாகவும் மழை, வெயில் தாங்கும்படியும் சுற்றிவிடலாம்.

பேப்பரா, பிளாஸ்டிக்கா?

கிஃப்ட் பேப்பர் என்று விற்கப்படுபவற்றில் பல, பேப்பரே இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். ஓரத்தைக் கையில் வைத்து நன்றாகக் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் காகிதம். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அது பிளாஸ்டிக் படலம், அல்லது படலம் ஒட்டிய தாள். கிழித்தும் பார்க்கலாம்: காகிதத்தின் கிழிந்த ஓரத்தில் நார் தெரியும், படலம் ஜவ்வு மாதிரி இழுபடும். ஜிகினா தூவியதைக் கசக்கவே வேண்டாம், கையில் ஒட்டுவதே போதும். படலம் ஒட்டியதும் ஜிகினா தூவியதும் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போகாது.

எல்லைப் பகுதியில் இது கூடுதலாக முக்கியம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் வந்த தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் இருக்கிறது. கிஃப்ட் பேப்பரை அந்தப் பட்டியல் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் அதைப் பிரித்து ஹரித கர்ம சேனையிடம் கொடுக்க வேண்டியது பரிசு வாங்கிய வீட்டுக்காரர்கள்தான். மூணாறு பக்கம் ‘படையப்பா’ யானை உணவு தேடிக் குப்பைக் கிடங்கு வரை வந்த செய்தியைப் பார்த்திருப்பீங்க. குப்பை அங்கே வெறும் குப்பை இல்லை.

மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூணாறு, வண்டிப்பெரியாறு மழைக்காலத்தில் மெல்லிய தாள் தொய்ந்துவிடும், அதன்மேல் டேப்பும் சரியாகப் பிடிக்காது. இங்கே கொஞ்சம் தடிமனான தாள்தான் நல்லது. 80 ஜிஎஸ்எம் அளவுக்குக் கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டே போதும், பளபளப்பு பூசாததாகப் பார்த்து வாங்கினால் சரி. கிரேப் பேப்பரை மட்டும் மழையில் தொடாதீர்கள். நனைந்தால் சாயம் விட்டு, மடியில் வைத்திருக்கும் பட்டுப்புடவையில் இறங்கிவிடும்.

சித்தூர், வாளையார் பக்கம் கோடையில் வேறு பிரச்சினை. வெயிலில் நிறுத்திய காரில் டேப்பின் பசை இளகி, மடிப்பு தானாகத் திறந்துகொள்ளும். அங்கே டேப்பை நம்புவதைவிட, இரண்டு பக்கமும் சுற்றி முடிச்சிட்ட நாடா நம்பகமானது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஊரிலிருந்து ஆபீசுக்கு எடுத்துப்போகும் பரிசுகளுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம், கையால் உருட்டிய உருண்டை. காற்றில் வைத்தால் ஈரம் இழுத்துக் கசியும். குமுளி ஏலக்காய் காற்றும் ஈரமும் பட்டால் பச்சையும் மணமும் குறையும். தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பாலக்காட்டு நேந்திரங்காய் சிப்ஸின் எண்ணெய், காகிதத்தில் வரைபடமே போட்டுவிடும். எனவே காற்றுப் புகாத டப்பாவோ கண்ணாடிப் புட்டியோ முதலில், அலங்காரத் தாள் அதற்கு மேல். தாளை நேராகச் சுற்றினால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

ரிப்பன் எதில்?

கத்தரிக்கோலால் இழுத்துச் சுருட்டும் ரிப்பனும் ஒட்டுகிற நட்சத்திரப் பூவும் பிளாஸ்டிக். சாட்டின் ரிப்பனும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், ஆனால் அவிழ்த்துப் பலமுறை பயன்படுத்தலாம். நுனியைச் சாய்வாக வெட்டினால் நூல் பிரிவது குறையும். தையல் சாமான் கடையில் கிடைக்கும் பருத்தி நாடா, ஹார்டுவேர் கடைச் சணல் கயிறு இரண்டும் பிரவுன் ஷீட்டுக்கு எடுப்பாக இருக்கும். எனக்குப் பிடித்தது வாழைநார். பூக்காரம்மாவிடம் கேட்டாலே ஒரு கொத்து கிடைக்கும். தண்ணீரில் நனைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டினால் ஒடியாது.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே யோசனைதான்: தாளில் பூ, கோடு இருந்தால் ரிப்பன் ஒற்றை நிறம். தாள் வெறுமையாக இருந்தால் ரிப்பனில் விளையாடலாம்.

பேப்பரே வேண்டாம் என்றால், துணி இருக்கிறது. ஜப்பானில் ஃபுரோஷிகி என்ற சதுரத் துணியில் பொருளை முடிந்து கொடுப்பது பழைய வழக்கம். ஓணக்கோடி கொடுக்கும் ஊரில் நமக்கு இது புதிதா என்ன? ஒரு கசவு நேரியதில் டப்பாவை வைத்து எதிரெதிர் முனைகளை முடிந்தால், ஜரிகைக் கரையே ரிப்பன் வேலையைச் செய்துவிடும். சுற்றிய துணியும் பரிசுதான்.

எவ்வளவு வாங்குவது?

25 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 8 செ.மீ உயரமுள்ள பெட்டி என்று வையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 56. மடிப்புக்கு 3 சேர்த்து 59 செ.மீ. இன்னொரு பக்கம், நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு: 25 + 12 = 37 செ.மீ. ஆக 50-க்கு 70 செ.மீ தாள் ஒன்றே போதும், இரண்டு வாங்க வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட நாடா 122 செ.மீ, பூ முடிச்சுக்கு இன்னொரு 60. கடையில் இரண்டு மீட்டர் என்று கேளுங்கள். விலை ஸ்டிக்கரைச் சுற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்க. ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும், அட்டைப்பெட்டி மேல் மட்டும் வேண்டாம்.