டிராமும் தண்டவாளமும்

‘டிராம்’ என்னும் சொல் பெஞ்சமின் அவுட்ராம் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரிலிருந்து பிறந்ததென்று மேடைதோறும் முழங்குவோரும், சிங்கப்பூரின் அவுட்ராம் சாலையைச் சாட்சிக்கு அழைப்போரும் நம்மிடையே மலிந்துவிட்டமையால், உண்மையை ஒருமுறை எடுத்துரைத்தல் அவசியமாகின்றது. அவுட்ராம் பிறந்தது 1764-இல்; அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1555-இல், டர்ஹாம் வட்டாரத்து உயிலொன்றில் பாதையைக் குறித்து இச்சொல் வந்துள்ளது. சாலையோ, அவர் மைந்தர் சர் ஜேம்ஸ் அவுட்ராமின் பெயர் தாங்கியது. இனியும் வாதத்திற்கு இடமில்லை.

வடஜெர்மானிய வழக்கில் ‘டிராம்’ என்பது உத்தரம், மரத்தண்டு; ஸ்காட்லாந்தியர் வாயில் அது தள்ளுவண்டியின் கைத்தண்டு. மரத்தின் பெயர் சுரங்க வண்டிக்கும், வண்டியின் பெயர் அது உருளும் பாதைக்கும் ஆகி, ஈற்றில் நகரத்து ஊர்தியில் வந்து நிலைத்தது. அவ்வூர்தி மின்சார உருவில் இந்தியாவில் முதன்முதல் ஓடியது சென்னையில், 1895 மே 7-இல். வீதியின் நடுவே நீண்ட பிளவொன்று விட்டு, அதனடியில் மின்கம்பியைப் பொதிந்து, வண்டியினின்று இறங்கும் கரமொன்று அதனைத் தொட்டுச் செல்லுமாறு அமைத்திருந்தனர். பருவமழை அவ்வேற்பாட்டைச் சீர்குலைக்கவே, கம்பி தலைக்கு மேலே ஏறிற்று. சிங்கப்பூர் 1905-இலும் பினாங்கு 1906-இலும் மின்டிராம் கண்டன. முன்னதில் 1927-இலும், பின்னதில் 1936-இலும், சென்னையில் 1953 ஏப்ரலிலும் அது மறைந்தது. மலாயாவின் தோட்டப்புறமான கோலசிலாங்கூர் அதனைக் கண்டதில்லை. ஆயினும் மலாயாவின் பெருஞ் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் குலை சுமந்து ஆலைக்குச் சென்ற சிறு வண்டிகளும் தண்டவாளத்தின்மீதே உருண்டன.

அத்தண்டவாளத்தின் முதனிலை ‘தண்டு’ என்பது வெளிப்படை. வடமொழித் ‘தண்டம்’தான் மூலம் என்பாரை ஏற்கேன்; கீரைத்தண்டு, வாழைத்தண்டு என்று உழவன் அன்றாடம் வழங்கும் சொல்லுக்கு அயல்வீட்டில் வேர் தேடுவது வீண். ஆழ்வார்கள் பாடிய திருமாலின் கதாயுதம் தண்டு. பல்லக்கைச் சுமக்கும் கழி தண்டு. துடுப்பு வலித்தல் தண்டு வலித்தல். படகோட்டிகளின் தலைவன் தண்டல். அப்பெயரே கப்பலேறி வந்து, நம் தோட்டங்களில் வேலையாட்களை நடத்துவோனுக்கு ஆயிற்று என்பேன். வரி தண்டலோடு இதனைப் பிணைப்போர்க்குக் கடலும் தெரியாது, தோட்டமும் தெரியாது.

பொருள் மாறினும் பெயர் மரத்தை விடாது என்பதற்குப் அதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என முன்பு வழங்கிய ஊரின் தென்னமரம் தோட்டமே பிரத்தியட்சப் பிரமாணம். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனையை நட்டது அங்கேதான். செம்பனை வளர்ந்தும் தோட்டம் தென்னமரமாகவே அழைக்கப்படுகின்றது. மக்கள் பெயரிடுவது கண்ணெதிரே நிற்கும் பொருளைக் கொண்டேயன்றி, பொறியாளரின் புகழைக் கொண்டன்று. டிராமுக்கு மரத்தண்டும், தண்டவாளத்திற்குத் தண்டும் பெயர் ஈந்தன. ஈரிடத்தும் மனித மனம் ஒரே வழியில்தான் சென்றது என்பது என் துணிபு.