கோலார் தங்கவயல் கழிவுமண் மதிப்பீடு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், 2001-இல் மூடப்பெறும்வரை தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாய் உழைத்து வெட்டிய பாறை, மாவாக அரைபட்டுச் சயனைடுக் கரைசலில் பொன்னை இழந்தபின், குன்றுகளாகக் குவிந்து கிடக்கின்றது. அதில் எஞ்சிய சொற்பப் பொன்னை நிர்ணயிக்க, உச்சிமுதல் அடிவரை துளையிட்டு ஆழந்தோறும் மாதிரி எடுத்தல் அவசியம். பழைய அடுக்குகளில், அக்காலத்து முறையின் குறைபாட்டால், பொன் மிகுந்திருக்கக்கூடும். மாதிரியை ஈய ஆக்ஸைடுடன் உருக்கி, பொன்னைக் கவர்ந்த ஈயத்தை எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் புடமிட்டு அகற்றி, உடன் நிற்கும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மீந்ததை நுண்தராசில் நிறுப்பர். ஆயினும் இருக்கும் பொன் வேறு, கிடைக்கும் பொன் வேறு. கந்தகத் தாதுக்களுள் சிறைப்பட்ட துகள் கரைவதில்லையாதலால், கரைதிறனைத் தனியே சோதிக்க வேண்டும். காற்றில் பறக்கும் புழுதியால் அல்லலுறும் குடியிருப்புகளின் க்ஷேமமும் இக்கணக்கில் இடம்பெறுவதே நியாயம்.