ஐந்தடிப் பாதையும் உணவு மேசைகளும்: சிங்கப்பூர் நடைபாதையின் வரலாறு

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளில் தரைத்தளத்தின் முன்பகுதி சற்று உள்வாங்கியிருக்கும். அதன் மேல் மாடி நீண்டு நிற்க, கீழே தெருவை ஒட்டிக் கூரையுள்ள நடைபாதை ஒன்று வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்லும். இதுவே ஐந்தடிப் பாதை. மலாய் மொழியில் இதைக் காக்கி லிமா என்பர். காக்கி என்றால் அடி, லிமா என்றால் ஐந்து. பெயர் அப்படி இருந்தாலும் எல்லா இடத்திலும் அகலம் ஐந்தடியாகவே இருப்பதில்லை. ஓர் உணவகம் தன் வாசலுக்கு வெளியே மேசை நாற்காலி போடலாமா என்ற கேள்வியை இன்று உலகின் பல நகரங்கள் எதிர்கொள்கின்றன. சிங்கப்பூரில் அந்தக் கேள்வியின் வேர், 200 ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட ஒரு விதியில் இருக்கிறது.

தோற்றம்

1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், 1822-இல் நகரத் திட்டம் வகுக்க ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவுக்கு அவர் அளித்த அறிவுரைகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும் என்பது. அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். தெருவின் இரு பக்கமும் கூரையுள்ள தொடர்ச்சியான வழியாக அமைய வேண்டும். வெயிலும் திடீர் மழையும் மிகுந்த ஊரில் இது பயனுள்ள ஏற்பாடு. பின்னர் மலேயாவின் பிற நகரங்களிலும் இத்தகைய பாதைகள் பரவின.

யாருடைய இடம்?

இந்த விதியிலேயே பிற்காலச் சிக்கலும் அடங்கியிருந்தது. தாழ்வாரம் வீட்டுக்காரரின் நிலத்தில், அவருடைய செலவில் கட்டப்பட்டது. ஆனால் அதில் நடந்து செல்லும் உரிமை பொதுமக்களுக்கு இருந்தது. கடைக்காரர் அதைத் தன் கடையின் நீட்சியாகக் கண்டார். மூட்டைகளையும் கூடைகளையும் அங்கே அடுக்கினார்; சில இடங்களில் சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கும் விட்டார். செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், தின்பண்டம் விற்பவர் எனப் பலருக்கு அந்தச் சில அடி நிலமே பிழைப்பாயிற்று. சிராங்கூன் சாலைப் பகுதியில் பூக்கட்டும் தமிழர்களும் கிளி சோதிடர்களும் இப்பாதையில்தான் தொழில் நடத்தினர். நடந்து செல்பவரோ பல இடங்களில் பாதையை விட்டிறங்கி, வண்டிகள் ஓடும் தெருவில் நடக்க வேண்டியிருந்தது.

1888 கலவரம்

1887-இல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டம், தாழ்வாரங்களில் உள்ள தடைகளை அகற்றும் அதிகாரத்தை நகராட்சிக்கு வலுவாக அளித்தது. 1888 பிப்ரவரியில் அதிகாரிகள் அகற்றும் பணியைத் தொடங்கியபோது, பெரும்பாலும் சீனர்களான கடைக்காரர்கள் கடைகளை அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பு கலவரமாக மாறியது; டிராம் வண்டிகள் மீது கற்கள் வீசப்பட்டன. வரலாற்றில் இது வெராண்டா கலவரம் எனப்படுகிறது.

நகராட்சி, பொதுவழியைக் காக்கும் கடமையை முன்வைத்தது. கடைக்காரர்கள் நெடுங்கால வழக்கத்தையும், தங்கள் சொந்த நிலம் என்பதையும் முன்வைத்தனர். இரண்டு வாதங்களும் பொய்யல்ல. இறுதியில் ஏற்பட்ட இணக்கம் எளிமையானது: நடப்பவர்கள் கடந்து செல்லப் போதுமான வழி விடப்பட்டால், மீதி இடத்தில் பொருள்கள் வைப்பதைப் பொறுத்துக்கொள்வது. முழுத் தடையும் முழு உரிமையும் நிலைக்காத இடத்தில், ஓர் அளவு நிலைத்தது.

அங்காடிக்காரர்களின் இடமாற்றம்

இருபதாம் நூற்றாண்டில் சிக்கலின் மையம் உணவு விற்பனைக்கு மாறியது. தெருவோரத்திலும் ஐந்தடிப் பாதையிலும் சமைத்து விற்றவர்கள் உழைப்பாளிகளுக்குக் குறைந்த விலையில் உணவளித்தனர். அதே நேரத்தில் குழாய்நீர் வசதியின்மையும் வடிகாலில் சேர்ந்த கழிவும் சுகாதாரக் கவலையை எழுப்பின. 1968-69-இல் நாடு முழுவதும் நடந்த பதிவில் சுமார் 18,000 தெருவோர அங்காடிக்காரர்கள் பதிவு செய்யப்பட்டனர். 1971 முதல் 1986 வரை அவர்கள் படிப்படியாக, தண்ணீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். அந்த நிலையங்களில் வளர்ந்த உணவுப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வியாபாரிகளை விரட்டியதோடு நில்லாமல் மாற்று இடம் கொடுத்ததே இத்திட்டத்தின் வெற்றிக்கு முக்கியக் காரணம்.

மேசைகள் திரும்பியது

1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆறு தூய்மை செய்யப்பட்டது. சரக்குப் படகுகள் ஆற்றை விட்டு நீங்கின. 1989-இல் போட் கீ, லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. போட் கீயின் கடைவீடுகள் பல உணவகங்களாயின. ஆற்றங்கரையில் மேசைகள் வரிசையாக வந்தன.

இன்று திறந்தவெளி உணவு இடம் அமைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி தேவை. அது அரசு நிலமானால் நில ஆணையத்தின் தற்காலிக உரிமமும் வேண்டும். மேசைகள் பாதசாரிகளின் வழியை மறைக்கக் கூடாது. இடத்தை மட்டுமன்றி நேரத்தைப் பங்கிடும் முறையும் உண்டு. லாவ் பா சாட் சந்தையை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட் மாலையில் வாகனங்களுக்கு மூடப்படுகிறது; அங்கே சாத்தே கடைகள் மேசைகளைப் போடுகின்றன. பகலில் அது மீண்டும் சாலையாகிறது.

வரலாறு காட்டுவது

ஒரு காலத்தில் தடை என்று அகற்றப்பட்ட வெளியிட உணவு, இப்போது நகருக்கு உயிரூட்டும் அம்சமாக வரவேற்கப்படுகிறது. நடப்பவரின் பார்வையில், செருப்புத் தைப்பவரின் பெட்டியும் உணவகத்தின் நாற்காலியும் ஒரே அளவு இடத்தைத்தான் அடைக்கின்றன. வேறுபாடு விண்ணப்பம், கட்டணம், உரிமம் ஆகியவற்றில் இருக்கிறது. இவற்றைச் செலுத்த முடிந்தவருக்கு மட்டும் நடைபாதை திறந்தால், அந்த விதி ஒழுங்கைக் காத்தாலும் நியாயத்தைக் காக்காது. இந்தோனேசிய மொழியில் நடைபாதை வியாபாரியை இன்றும் பெடகாங் காக்கி லிமா என்றே அழைப்பது, இந்தப் பாதைக்கும் எளியவரின் பிழைப்புக்கும் உள்ள தொடர்பை நினைவூட்டுகிறது.

எனவே ஓர் உணவகத்தின் விண்ணப்பத்தை ஆராயும் எந்த நகராட்சியும் நிலம் யாருடையது என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மேசைகள் போட்ட பின் எத்தனை அடி மிஞ்சும், சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைக் கைபிடித்து வருபவரும் தெருவில் இறங்காமல் அதைக் கடக்க முடியுமா, எந்த நேரம் வரை மேசைகள் இருக்கும், அங்கே ஏற்கெனவே பிழைப்பு நடத்துபவர் எங்கே போவார் என்பவற்றையும் கேட்க வேண்டும். 1822-இல் எழுதப்பட்ட விதியின் நோக்கம் தொடர்ச்சியான வழி. அந்த வழி அறுபடாத இடத்தில் ஒரு மேசைக்கு இடம் கொடுப்பதில் தவறில்லை.